கமா விட்டதுக்குமா தமிழ் மீடியம் காரணம்?

போன ஞாயித்துக்கிழமை பீர்மேட்டிலிருந்து தங்கச்சி மகள் கூப்பிட்டாள். பத்தாவது, தமிழ் மீடியம். (எஸ்டேட் பக்கம் தமிழ் மீடியம் இருக்குங்க. கேரள அரசே பாடப்புத்தகத்தைத் தமிழில் போடுது. தெரியாதவங்களுக்காக ஒரு வரி.) டியூஷன்ல பைத்தான் சொல்லித் தர்றாங்களாம்.

"மாமா, மூணு ஊர் எழுதி எண்ணச் சொன்னா ரெண்டுங்குது. சார் என்னமோ தட்டி சரி பண்ணிட்டார். ஏன்னு கேட்டா, இங்கிலீஷ் வராத உனக்கு இதெல்லாம் புரியாதுன்னுட்டார். ப்ளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் வேணாம் மாமா."

வந்துச்சே எனக்குக் கோபம்! அவள் எழுதியது இதுதான்:

ஊர்கள் = ["ஏலப்பாறை", "குமுளி" "வண்டிப்பெரியார்"]

குமுளிக்கு அப்புறம் கமா இல்லை. மேற்கோளுக்குள் இருக்கிற ரெண்டு சொல் நடுவில் எதுவும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்னா, பைத்தான் ரெண்டையும் ஒட்டி ஒண்ணாக்கிடும். பிழைச்செய்தியே வராது. வராத செய்தியைப் படிக்க எதுக்குய்யா இங்கிலீஷ்? பதினஞ்சு வருஷமா டப்ளின்ல பொட்டி தட்டுற நானே இந்தக் கமாவை விட்டுட்டு ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருக்கேன். பக்கத்து சீட்டு ஐரிஷ்காரரும் விட்டிருக்கார். அவர் வீட்டுல பேசுறதே இங்கிலீஷ்தான்.

சரி, செய்தி வந்தா மட்டும்? சதுர அடைப்பை மூட மறந்தா, 2021 அக்டோபர்ல 3.10 வர்ற வரைக்கும், பைத்தான் பெரும்பாலும் அடுத்த வரியைக் காட்டி 'இலக்கணம் தப்பு'ன்னு மட்டும் சொல்லும். ஒரு பாவமும் அறியாத வரி அது. அதைப் போட்டு எத்தனை பிள்ளைகள் திருத்தித் திருத்தி அழுதிருக்கும்? இப்போ 'இந்த அடைப்பை மூடவே இல்லை'ன்னு சரியான இடத்தைக் காட்டுது. பைத்தானை எழுதினவங்க செய்தியைத்தான் மாத்தினாங்க, படிக்கிறவங்களைத் திட்டலை.

இன்னொண்ணு. ஒரே ஒரு ஊரை வளைவு அடைப்புல போட்டா அது டூப்பிள் ஆகாது, பின்னாடி ஒரு கமா வேணும். யாராவது சொல்லாம இது எந்த மீடியத்துப் பிள்ளைக்குத் தெரியும்? சொல்லத்தானே சார் காசு வாங்குறார்!

நான் கமாவைப் பத்தி வாயே திறக்கலை. லிஸ்டை அப்படியே பிரிண்ட் பண்ணிப் பாருன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் ஒரே சிரிப்பு. "குமுளிவண்டிப்பெரியாராம் மாமா! நடுவுல பஸ்ஸே தேவையில்லை!"

வரிக்கு ஒரு ஊரா எழுது, கடைசி ஊருக்குப் பின்னாலயும் கமா போடு, பைத்தான் ஒண்ணும் சொல்லாதுன்னேன். போட்டுப் பார்த்தா, மூணுன்னு வந்துச்சு.

ப்ளஸ் ஒன் என்னாச்சுன்னு கேட்டேன். "யோசிக்கிறேன் மாமா"ங்கிறா.