சொட்டுகிற இடம் குற்றவாளி அல்ல!

ஓட்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கூடத்தில் சொட்டுகிறதே என்று கூடத்துக்கு மேலே ஓடு மாற்றினால், அடுத்த மழை சிரிக்கும். உடைந்த ஓடு சமையல்கட்டுக்கு மேலே இருக்கும். தண்ணீர் சட்டம் வழியாக நடந்து வந்து, தோதான இடம் பார்த்துச் சொட்டும். பழைய காரும் இதே ரகம்தான்.

பம்பாய் டாக்ஸி பத்மினிகளுக்கே 2023 அக்டோபரில் விடை கொடுத்துவிட்டார்கள். என் பெரியப்பா மட்டும் தன் பிரீமியர் பத்மினியை விடுவதாக இல்லை. இரண்டு வருஷமாகப் போர்டிகோவில் நிற்கிறது. அடியில் எண்ணெய்க் குளம்.

மெக்கானிக் குனிந்து பார்த்து, "சீல் போச்சு சார். கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார். அண்ணன், "காயலான் கடைக்குப் போன் பண்றேன்" என்றான். பெரியப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவர் போல நின்றார்.

"ஓடாத வண்டி எப்படிடா ஒழுகும்?"

நியாயமான கேள்வி. ஓடும்போது ஆயில் தெறித்து ரப்பர் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டால் ரப்பர் காய்ந்து விறைத்துப் போகும். மெக்கானிக் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனால் சந்தேகத்துக்கே தூக்குத்தண்டனையா?

முதலில், ஒழுகுவது எது? அட்டைப் பெட்டியைப் பிரித்து ராத்திரி அடியில் விரித்தோம். பழகிய எஞ்சின் ஆயில் கறுப்பு. பிரேக் ஆயில் தண்ணியாக இருக்கும். கியர் ஆயில் கெட்டி. முகர்ந்தால் கந்தக நெடி மண்டைக்கு ஏறும். (ஆட்டோமேட்டிக் கார்களுக்குப் பெரும்பாலும் வெற்றிலைச் சாறு மாதிரி சிவப்பு. பத்மினிக்கு அந்தப் பழக்கம் கிடையாது.) காலையில் பெரியப்பா அட்டையை முகர்ந்து முகம் சுளித்தார். கியர் ஆயிலேதான்!

அடுத்தது, எங்கிருந்து? சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினோம். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள். காரை விட நீங்கள் முக்கியம். டீசல் துணியால் கியர்பாக்ஸைத் துடைத்து, காய்ந்ததும் பெரியம்மாவின் முகப்பவுடரைப் பூசினோம். ஸ்டாண்டை எடுத்து, வண்டியைப் பழையபடி நிறுத்தினோம்.

மறுநாள் பவுடரில் ஓர் ஈரக் கோடு. சொட்டியது முன்பக்கம், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில். கோடு ஆரம்பித்ததோ பின்னால், ஆயில் இறக்குகிற பிளக்கில்! யாரோ முக்கால் திருகோடு விட்டிருக்கிறார்கள். போர்டிகோ முன்பக்கம் சரிவு. எண்ணெய் வயிற்றோடு ஊர்ந்து வந்திருக்கிறது.

பிளக்கை முடுக்கி, வண்டியைச் சமதரைக்குத் தள்ளி, பக்கவாட்டுத் துளையின் விளிம்பு வரை ஆயில் விட்டோம். அதைச் செய்யாமல் ஓட்டியிருந்தால் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தின்றிருக்கும். சீல் நல்லதா என்பதை இனி அட்டைதான் சொல்ல வேண்டும். மூன்று நாளாகச் சுத்தமாக இருக்கிறது.

யாராவது 'இறக்கணும்' என்றால் ஒரு ராத்திரி அவகாசம் கேளுங்கள். அட்டைப் பெட்டி பொய்சாட்சி சொல்லாது.