சீரியல்காரர் என்று ஒதுக்காதீர்கள்

2024 நவம்பர் 10-ஆம் தேதி மதுரையில் இந்திரா சௌந்தர்ராஜன் காலமானார். மறுநாள் பரளச்சி டீக்கடையில் பேப்பரைப் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற ஆசிரியரான நண்பர் ஒருவர், "அட, சீரியல் எழுதுனவரு! நான்கூட யாரோ எழுத்தாளர்னு நினைச்சேன்" என்றார். அன்று பேசாமல் வந்துவிட்டேன். இன்று பதில் சொல்கிறேன்.

1990-களில் சன் டிவியில் வாரம் ஒரு நாள் வந்த "மர்ம தேசம்" உங்களுக்கு நினைவிருக்கும். கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம். அதில் "விடாது கருப்பு" இவர் எழுதிய "விட்டுவிடு கருப்பா" நாவல்தான். அப்போது ஊரில் கேபிள் இருந்த வீடுகள் ஒன்றிரண்டு. முற்றம் கொள்ளாத கூட்டம் கூடும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள்கூட, "கொல்றது கருப்பனா, மனுசனா?" என்று மறுநாள் களை எடுக்கும்போது வாதாடுவார்கள். டிவி நாடகம் என்றாலே பட்டணத்து வீட்டுக் கூடம் என்றிருந்த காலம் அது. கண்மாய்க்கரையில் அரிவாளோடு நிற்கும் நம் சாமியைக் கதையின் நடுவில் நிறுத்தினார் இவர்.

மூடநம்பிக்கையை வளர்த்தார் என்பார்கள். கதையை முடிவுவரை பார்த்தார்களா? குதிரையேறி வந்தது தெய்வமல்ல, மனம் பிளவுபட்ட ஒரு மனிதன். அந்தச் சமயத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணைக் கோடாங்கி கோடாங்கியாக அழைத்துக்கொண்டு அலைந்தார்கள். "அந்த நாடகத்துல வந்த மாதிரி இதுவும் சீக்கா இருக்கலாமே, டாக்டர்கிட்ட காட்டுவோமா?" என்று நான் கேட்டபோது, முதல்முறையாக யாரும் என்மேல் பாயவில்லை. மதுரைக்குக் கூட்டிப் போனோம். அவள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். இதைச் செய்தது எந்த இலக்கியம்?

அவர் எழுதியதெல்லாம் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். வருடக்கணக்கில் தினம் ஓடும் தொடர்கள் வந்தபின் முடிவு என்பதே கதையை விட்டுப் போய்விட்டது. "கோலங்கள்" 2003 முதல் 2009 வரை 1,500 பகுதிகளுக்கு மேல் ஓடியது. அப்படிப்பட்ட காலத்திலும் பல வருடம் பேனாவைக் கீழே வைக்காமல் நாவல், தொடர், ஆன்மிகச் சொற்பொழிவு என்று உழைத்தவர் அவர்.

நடித்தவர் முகம் நமக்கு மறப்பதில்லை. எழுதியவர் பெயர் திரையில் வரும்போது மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறோம். ஆசிரியரே, அடுத்த முறை நூலகத்துக்குப் போனால் "விட்டுவிடு கருப்பா" கேளுங்கள். படித்துவிட்டு வாருங்கள், அதே டீக்கடையில் பேசுவோம்.