பண்டோராவில் பழம் பறிக்கலாம்
ஜேம்ஸ் கேமரூனின் ‘அவதார்: தி வே ஆஃப் வாட்டர்’ (2022) மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. கதையில் புதுமை இல்லை. முதல் படத்தின் வில்லன் குவாரிச்சே மறுபடி துரத்துகிறான். ஆனால் குட்டியோடு நீந்தும் துல்குன் தாயை, திமிங்கிலம் போன்ற அந்தக் கற்பனை உயிரினத்தை, மனிதர்கள் வேட்டையாடும் காட்சி உலுக்கிவிடுகிறது. மனிதருக்கு மூப்பைத் தடுக்கும் ஒரு குப்பித் திரவத்தை மூளையிலிருந்து உறிஞ்சிக்கொண்டு, மலைபோன்ற உடலைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘அவதார்: ஃபிரான்டியர்ஸ் ஆஃப் பண்டோரா’ வீடியோ கேம் எனக்குப் படத்தைவிட நெருக்கமாக இருந்தது. அதில், படக்கதை நடக்கும் பண்டோரா என்ற கற்பனை உலகின் காட்டில், ஒரு பழம் பறிக்கக்கூடக் காம்பை எந்தப் பக்கம் இழுப்பது என்று கை அறிய வேண்டும். முரட்டுத்தனமாகப் பிடுங்கினால் தரம் குறைந்துவிடும். காட்டை மதிக்க வேண்டும் என்று படம் வசனத்தில் சொல்வதை இங்கே விரல்கள் பழகிக்கொள்கின்றன. எதிரி முகாம்களைத் தகர்க்கும் பகுதிகள்தான் அலுப்பு. அதே நிறுவனத்தின் ‘ஃபார் க்ரை’ விளையாட்டுகளில் பார்த்துச் சலித்தவை அவை. துப்பாக்கியைக் குறைத்துக் காட்டைக் கூட்டியிருக்கலாம். வாங்குபவர்கள் கதையை முடிக்க அவசரப்படாமல் முதலில் அந்தக் காட்டில் சும்மா நடந்து பாருங்கள்.