வான் பிடிக்க முதல் ஒரு கேள்வி

சோதினை முடிஞ்சால் எங்கயாவது ட்ரிப் போகோணும் என்பது எங்கட பட்ச்சில் எழுதாத சட்டம். இந்த முறை மகாவலிப் பள்ளத்தாக்கு என்று முடிவாகியது. பேராதனையில் விடிய வெளிக்கிட்டு, கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க மூன்றையும் பார்த்து, கம்பளையில் சாப்பிட்டு, புசல்லாவ றோட்டால் ஏறி, கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி றம்பொடை நீர்வீழ்ச்சி வரை போவது. ஒரு நாள், ஒரு வான், பன்னிரண்டு பேர். குரூப்பில் பட்டியலைப் போட்டதும் எல்லாரும் ஹார்ட் போட்டார்கள்.

ஒருத்தி மட்டும் போடவில்லை. புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றில் இருந்து வந்த எங்கட தோழி. பிறகு கன்டீனில் வைத்துக் கேட்டாள்: "அந்த றோட்டு எங்க தோட்டத்துக்குள்ளதான் போவுது. ஆனா ஒங்க லிஸ்ட்ல கோயிலு இருக்கு, டேம் இருக்கு, நாங்க இல்லியே. நாங்கெல்லாம் சரித்திரம் இல்லியா, வெறும் சீனரியா?"

நாங்கள் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தோம். சரிவரவில்லை. இந்தக் கட்டுரை அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு பயணத் திட்டம் என்பது வெறும் நேர அட்டவணை இல்லை. எங்கே வானை நிற்பாட்டுகிறோம், எதை யன்னலால் பார்த்துவிட்டுக் கடக்கிறோம் என்பதிலேயே, எது சரித்திரம் என்ற எங்கட முடிவு இருக்கிறது. அந்த முடிவை நாங்கள் யோசித்து எடுக்கவில்லை. கூகுளில் முதலில் வந்ததை எடுத்தோம்.

பட்டியலில் இருந்த இடங்களையே நாங்கள் ஒழுங்காகப் பார்க்கத் திட்டமிட்டிருக்கவில்லை. கடலாதெனியவும் லங்காதிலகவும் 1344ஆம் ஆண்டளவில், கம்பளை அரசுக் காலத்தில் எழுந்தவை. கடலாதெனிய ஒரு பௌத்த விகாரை, ஆனால் அதன் கற்கட்டடம் தென்னிந்தியக் கோயில் பாணியில் இருக்கிறது. கட்டியவரின் பெயர் கணேஸ்வராசாரி. லங்காதிலகவில் பாறைச் சாசனம் சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. எங்களில் பலர் பள்ளிக்கூடக் காலத்திலேயே அங்கே போய், படியில் நின்று படமெடுத்துவிட்டு வந்தவர்கள். அந்தத் தமிழ் எழுத்தைத் தேடிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இதை வைத்து "பாத்தியா, இது எங்கட இடம்" என்று கொடி பிடிக்கச் சொல்லவில்லை. அந்த விளையாட்டை இந்த நாட்டில் எல்லாரும் போதுமான அளவு விளையாடியாயிற்று. அந்தப் பாறை சொல்வது வேறு. ஒரு விகாரையின் காணியையும் வருமானத்தையும் பற்றி எழுதும்போது இரண்டு மொழியிலும் எழுத வேண்டியிருந்த ஒரு சமூகம் இந்த ஆற்றங்கரையில் இருந்தது. அதைப் பார்க்க நாற்பது நிமிசம் கூடுதலாக வேண்டும். எங்கட திட்டத்தில் அது இருக்கவில்லை.

கொத்மலையை எடுங்கோ. வியூ பொயின்ற்றில் நின்றால் நீலத் தண்ணி, சுத்திவர மலை, அழகுதான். ஆனால் துரித மகாவலித் திட்டத்தில், 1985இல் அந்த அணை திறக்கப்பட்டபோது, பள்ளத்தாக்கின் வயல்களும் ஊர்களும் விகாரைகளும் தண்ணிக்குள் போயின. வறட்சியில் நீர் இறங்கும்போது கடதொர விகாரையின் இடிபாடு வெளியே தெரியும். அங்கிருந்த சிங்களக் கிராமத்தவர்கள் பலர் தூரத்துக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மகாவலிக் குடியேற்றம் என்றால் வடக்கு கிழக்கில் இருந்து வந்த எங்களுக்கு வேறொரு கதை நினைவுக்கு வரும். அந்தக் கதைக்கு முன்னால், ஊரை இழந்த ஒரு குடும்பம் இந்தத் தண்ணிக்குக் கீழேயும் இருந்தது என்பதை நாங்கள் பேசியதே இல்லை.

இனி தோழியின் கேள்வி. கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹபிட்டியவில்தான் 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டார். இந்த இரண்டு பெயரும் எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் வரும். தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியால் மாத்தளைக்கு நடந்து வந்தவர்களுடைய பெயர்கள் வராது. அவர்களுடைய பிள்ளைகளின் குடியுரிமையை 1948இல் ஒரு சட்டம் பறித்தது. லூல்கந்துர இருக்கும் அதே ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரியில், வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். டெய்லரைத் தெரிந்த எங்களுக்குக் கோவிந்தனைத் தெரியாது. கலைப்பீடத்தில் படிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

"அப்ப லயனையும் லிஸ்ட்ல போடுவம்" என்றான் ஒருவன். தோழி உடனே மறுத்தாள். "வேணாம். வெள்ளைக்காரங்க பஸ்ஸ நிப்பாட்டி கொழுந்து எடுக்கிற அம்மாவ போட்டோ புடிக்கிறாங்க. நீங்களும் வந்து எங்க காம்பராவ போட்டோ புடிச்சி ஸ்டேட்டஸ் போடவா?"

அவள் சொல்வது நியாயம். விட்டுவிட்டுப் போவதும் பிழை, காட்சிப்பொருளாக்கிப் பார்ப்பதும் பிழை. சரித்திர இடம் என்றால் டிக்கெட் எடுத்து உள்ளே போவது என்று பழகிய எங்களுக்கு, ஆக்கள் இன்னும் வாழ்கிற சரித்திரத்துக்குள் எப்படிப் போவது என்று தெரியாது. இப்போதைக்கு ஒன்றுதான் விளங்குகிறது: கூப்பிட்டால் விருந்தாளியாகப் போகலாம். கூப்பிடாவிட்டால் வாசித்துவிட்டு, தெரிந்துகொண்டு, பேசாமல் கடக்கலாம்.

இதைப் படிக்கிற உங்களிட்டயும் கேட்பது இதுதான். அடுத்த ட்ரிப்புக்கு வான் பிடிக்க முதல், உங்கட வானில் வரப்போகிறவர்களில் யாருடைய ஊர் அந்த வழியில் இருக்கிறது என்று கேளுங்கோ. பட்டியலை அவர்களிட்டக் குடுங்கோ. இடங்களைக் குறையுங்கோ, நிற்கிற நேரத்தைக் கூட்டுங்கோ.

எங்கட திட்டம் இப்ப இரண்டு நாளாகிவிட்டது. றம்பொடை வெட்டுப்பட்டது, சிலருக்கு இன்னும் கோபம். முதல் நாள் லங்காதிலகப் பாறையடி. இரண்டாம் நாள் தோழியின் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவளுடைய அம்மாச்சி ரொட்டியும் சம்பலும் செய்வாவாம். கமெராவைக் கொண்டுவரலாமா என்று கேட்டோம். "அம்மாச்சிகிட்ட கேளுங்க" என்றாள்.