செத்துப்போன சாப்ட்வேரா? டிஜேபிடிஎன்எஸ்ஸுக்காகக் கொஞ்சம் பேசுறேன்

போன மாசம் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் எங்க டீமைப் பார்த்து ஒரு கேள்வி வந்தது: "ஏம்ப்பா, 2001-ல நின்னுபோன சாப்ட்வேரை வெச்சு என்ன பண்றீங்க?" எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அங்கே வாய் வரல. வேங்கிக்கால் வந்து சேர்ற வரைக்கும் பஸ்ஸில் யோசிச்ச பதில் இதோ.

தெரியாதவங்களுக்கு: வெப்சைட் பெயரை ஐபி முகவரியா மாத்தித் தர்றது டிஎன்எஸ். இதில் ரொம்ப நாளா ராஜா 'பைண்ட்'. 1980-களில் பெர்க்லியில் நம்மள மாதிரி மாணவர்கள் தொடங்கினது. அதில் அடிக்கடி வந்த பாதுகாப்பு ஓட்டைகள் வேண்டாம்னு டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய மாற்றுதான் டிஜேபிடிஎன்எஸ்.

முதல் புகார்: அப்டேட்டே இல்லை. உண்மைதான், கடைசி வெர்ஷன் 1.05, வருஷம் 2001. ஆனா ஓட்டை கண்டுபிடிச்சா பணம்னு அறிவிச்சவர் அவர். 2009-ல் ஒருத்தர் கண்டுபிடிச்சார், 1000 டாலர் கொடுத்தார். அதுக்கு முந்தின வருஷம் டான் கமின்ஸ்கி சொன்ன கேஷ் பாய்சனிங் பிரச்சினைக்காக உலகமே அவசரமா பேட்ச் போட்டது. போர்ட் எண்ணை ரேண்டமா மாத்துறதுதான் அந்த பேட்ச். டிஎன்எஸ்கேஷ் அதை ஆரம்பத்திலிருந்தே செய்துட்டு இருந்தது. அப்டேட் வரலைன்னா உடனே ஓட்டைன்னு அர்த்தம் இல்ல.

இரண்டாவது: எல்லாம் துண்டு துண்டா இருக்கு. நம்ம டொமைனுக்குப் பதில் சொல்ல டைனிடிஎன்எஸ், மத்த பெயர்களைத் தேடித் தர டிஎன்எஸ்கேஷ். வேணும்னே பிரிச்சது அது. தரிசன க்யூவும் பிரசாத கவுண்டரும் ஒண்ணா இருந்தா பௌர்ணமி அன்னைக்கு என்ன ஆகும்னு திருவண்ணாமலைக்காரங்களுக்குச் சொல்லணுமா? தனித்தனி யூசர், தனித்தனி டைரக்டரி. ஒண்ணு உடைஞ்சாலும் இன்னொண்ணைத் தொடுறது கஷ்டம்.

மூணாவது: டிஎன்எஸ்செக் கிடையாது, ஐபிவி6-க்கு வெளியாள் பேட்ச் தேடணும். இதுக்கு என்கிட்ட சாக்கு இல்ல. 2010-லேயே ரூட்டுக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. பேங்க் மாதிரி இடத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். புது லினக்ஸில் கம்பைல் பண்ணா 'எர்னோ' எரர் வேற வரும், 2009 ஓட்டைக்கான பேட்ச்சையும் நாமளே போடணும். அதையும் மறைக்கல.

அப்புறம் ஏன் எடுத்தோம்? முழு சோர்ஸையும் ஒரு செமஸ்டருக்குள்ள உட்கார்ந்து படிக்க முடிஞ்சது. டிஎன்எஸ் எப்படி வேலை செய்யுதுன்னு எங்களுக்கு அப்போதான் புரிஞ்சது. கத்துக்கிறதுக்கு அது போதும்.

அடுத்த ரிவ்யூவில் ஜூனியர்ஸ் யாராவது பழைய சாப்ட்வேரோட வந்து நின்னா, சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: "இது எந்த வேலைக்கு?" வருஷத்தை அப்புறம் கேட்டுக்கலாம்.