ஆல்பத்துக்கு ஒரு பென்சில்

விடுமுறை முடிந்தது. திருநெல்வேலிப் பக்கம் போய்த் தாமிரபரணியில் முழுகி, அல்வாப் பெட்டியும் பத்தமடைப் பாயுமாகத் திரும்பியாயிற்று. செல்போனில் முந்நூறு படங்கள் இருக்கின்றன. அவற்றை நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டு மாமியிடம் ஒரு தடவை காட்டுகிறோம். அதோடு சரி! அடுத்த பிரயாணத்துக்குள் எது பாபநாசம், எது குற்றாலம் என்பதே மறந்து போகிறது.

அந்த முந்நூறில் பத்துப் படங்களைப் பொறுக்கி அச்சிட்டு, துணி, கோரை, டிக்கெட், கையால் வரைந்த சித்திரம் எல்லாம் சேர்த்து ஓர் ஆல்பம் செய்யலாமே? "இதெல்லாம் வெள்ளைக்காரர் வேலை" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். மார்க் ட்வெய்ன் 1873-ல் பசை தடவிய ஆல்பத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார் என்பது வாஸ்தவம்தான். ஆனால் நம் பாட்டிமார்கள் ரவிவர்மா அச்சகத்து லட்சுமி படத்துக்குச் சரிகைத் துணியால் புடவை கட்டி, ஜிகினா வைத்து, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார்களே, அது மட்டும் என்னவாம்?

செய்முறைக்கு முன்னால் என் அத்தையின் ஆல்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லைச் சீமையில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஜங்ஷன் பக்கம் தாழ்வான தெருவிலுள்ள அத்தை வீட்டிலும் ஆறு புகுந்துவிட்டது. பத்து நாள் கழித்து நான் போனபோது, பரண் மேல் இருக்க வேண்டிய ஆல்பம் திண்ணையில் காய்ந்து விறைத்துக் கிடந்தது. ஒன்றோடொன்று ஒட்டியிருந்த இரண்டு படங்களைப் பிரிக்கிறேன் பேர்வழி என்று வெடுக்கென்று இழுத்தேன். ஒன்றிலிருந்த உருவம் முழுவதும் உரிந்து மற்றதன் மேல் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அது 1968-ல் அத்தையும் மாமாவும் கல்யாணமான புதிதில் பாபநாசத்தில் எடுத்துக்கொண்ட படம். மாமா இப்போது இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தை அந்த வெறும் தாளை வாங்கித் திருப்பினாள். முதுகுப் பக்கத்தில் பென்சில் எழுத்து முத்து முத்தாக அப்படியே இருந்தது: "பாபநாசம் படித்துறை. மீனுக்குப் பொரி போட்டோம். பெரிய மீன் காலைக் கடித்துவிட்டதென்று குதித்தார்கள். வீட்டில் சொல்லக் கூடாதாம்."

"ஏளா, படம் போனா போவுது. அவுஹ குதிச்சது இருக்குல்லா?" என்றாள் அத்தை, சிரித்துக்கொண்டே.

பக்கத்திலிருந்த படங்களில் மைப்பேனாவால் எழுதியதெல்லாம் கரைந்து நீலத் திட்டாகப் போயிருந்தது. பென்சில் கரியோ தண்ணீரில் கரைவதில்லை. ஆகவே ஆல்பம் செய்ய முதல் சாமான் பென்சில்தான். இப்போதைய வர்ணப் படங்களின் முதுகு வழவழவென்று இருப்பதால் அதில் பென்சில் பிடிக்காது. படத்துக்குப் பக்கத்தில், தாளிலேயே எழுதுங்கள்.

தாள் கெட்டியான டிராயிங் தாளாக இருக்கட்டும். அமிலம் இல்லாத தாள் என்று கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. பத்திரிகைத் தாள் தானும் பழுத்துப் படத்தையும் கெடுக்கும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். படத்தின் மேல் பசையே படாமல் இருக்க ஒரு வழி உண்டு. இரண்டு செ.மீ. அகலத்தில் தாள் துண்டுகள் வெட்டி, இரு நுனிகளையும் மடித்து முக்கோணமாக்குங்கள். படத்தின் நான்கு மூலைகளிலும் குல்லாய் போல மாட்டி, குல்லாயை மட்டும் தாளில் ஒட்டுங்கள். வேண்டும்போது படத்தை உருவிக்கொள்ளலாம்.

பத்தமடைப் பக்கத்துக்குக் கோரை வைக்க ஆசையா? புதிதாக வாங்கிய பட்டுப் பாயில் கத்தரியை வைத்துவிடாதீர்கள்! பழம்பாயின் ஓரத்தில் நாலு விரல் அகலம் போதும். ஒட்டாமல் ஊசி நூலால் தைத்துவிடுங்கள். அது எதிர்ப் பக்கத்துப் படத்தை அழுத்தாதபடி நடுவில் ஒரு மெல்லிய தாளும் வையுங்கள். இப்போது பஸ்ஸில் மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட் சில மாதங்களில் வெளுத்துவிடும். நகல் எடுத்து நகலை ஒட்டுங்கள். அல்வா சுற்றிய தாளை மட்டும் தள்ளி வையுங்கள். என் பெண் அதை ஆசையாக ஒட்டப் போய், நெய் ஊறி மூன்று பக்கம் தாண்டிப் போயிற்று!

கிருஷ்ணாபுரத்துச் சிற்பத்தின் மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படி எடுக்காதீர்கள். எதிரே உட்கார்ந்து குழந்தைகளை வரையச் சொல்லுங்கள். மூக்கு கோணினால் கோணட்டும். குறுக்குத்துறை முருகன் கோவில் படத்தின் அருகே ஒரு நீலக் கோடு போட்டு, வெள்ளம் வந்தால் ஆறு கோவிலையே மூழ்கடித்துவிடும் என்றும், உற்சவரை மேலக்கோவிலுக்கு எழுந்தருளச் செய்வார்கள் என்றும் எழுதுங்கள். தண்ணீர் வற்றிய நாளில் எடுத்த படம் அதைச் சொல்லாது அல்லவா?

ஒருவேளை உங்கள் ஆல்பமும் நனைந்துவிட்டால் நான் செய்ததைச் செய்யாதீர்கள். ஈரம் காய்வதற்கு முன்பே, இரண்டு நாட்களுக்குள், ஒட்டிய படங்களைச் சுத்தமான குளிர்ந்த நீரில் போடுங்கள். அநேகமாகத் தாமே விலகும். பிறகு படம் மேலே தெரியும்படி நிழலில் துணி மீது பரப்புங்கள். வெயில் கூடாது.

அத்தைக்கு நான் புது ஆல்பம் செய்து கொடுத்தேன். பாபநாசப் பக்கத்தில் அந்தத் தாளை முதுகு தெரியும்படியே வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அத்தை முதலில் காட்டுவது அதைத்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பக்கத்தில் பழைய ஆல்பத்தோடு உட்காருங்கள். கையில் ஒரு பென்சில் இருக்கட்டும்.