வரி குறைந்தது; இடம் எங்கே?

2025 செப்டம்பர் 22 முதல் உடற்பயிற்சிக் கூடங்கள், யோகா மையங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. வரவேற்கத்தக்கதே. ஆனால், முதுகுளத்தூர் போன்ற பேரூராட்சியில் பெண்களுக்கான குழுப் பயிற்சி வகுப்பு தொடங்க முனைபவருக்கு இதனால் பெரும்பயன் இல்லை என்றே கருதுகிறேன். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே கட்டாயமில்லை.

மிளகாய்க் காட்டில் உழைப்பவர்களுக்குப் பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். கடையிலும் அலுவலகத்திலும் தையல் எந்திரத்தின் முன்பும் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் பெண்கள் இங்கும் உண்டு. 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024-இல் வெளியான ஆய்வின்படி, போதிய உடலியக்கம் இல்லாத இந்தியப் பெண்கள் 57 சதவீதம். ஆண்கள் 42 சதவீதம். இந்த வேறுபாட்டுக்குச் சோம்பல் காரணமன்று. ஆண்கள் சாலையோரத்தில் ஓடலாம். பெண்களுக்குப் பாதுகாப்பான, பிறர் பார்வை படாத இடம் வேண்டும். தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டத்துக்கு 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. சிற்றூர்ப் பெண்களுக்கு அது எட்டாத தொலைவு.

குழுப் பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. தேர்ந்த பயிற்றுநரும் ஒரு கூரையும் போதும். தொடக்க முதலுக்கு முத்ரா கடன் உண்டு. மாத வாடகையைத்தான் சிறு கட்டணம் தாங்காது. காலையில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்களை ஒரு மணி நேரம் குறைந்த வாடகைக்குத் தர உள்ளாட்சிகள் முன்வர வேண்டும்.